காம்போதியில் காணாமற்போன ரீல்

அத்தியாயம் 9

கோயமுத்தூரில் துப்பறியும் நிபுணராகப் பெயர்ப்பலகை மாட்டுவதற்கு முன்னால் அர்த்தநாரி ரயில்வேயில் பார்சல் குமாஸ்தாவாக இருந்தார். பதினாறு வருஷம் காணாமற்போன மூட்டைகளைத் தேடியவருக்கு மனிதர்களைத் தேடுவது சுலபமாகவே இருந்தது. மூட்டை வாய் திறக்காது, மனிதன் திறப்பான். திறந்தால் மாட்டிக்கொள்வான். அவருடைய துப்பறியும் சாஸ்திரம் முழுவதும் அவ்வளவுதான்.

அன்றைக்கு வாளையாரில் காணாமற்போனது மனிதனுமல்ல, மூட்டையுமல்ல. ஒரு ரீல்.

ரயில் நிலையத்துக்கு எதிர்ப் பொட்டலில் கூடார சினிமா அடித்திருந்தது. பங்குனி வெயிலில் உள்ளே போனால் அப்பளம் பொரிக்கலாம். ஆபரேட்டர் அறை என்று பெயர்பெற்ற தகரப் பெட்டிக்குள் பெஞ்சின் மேல் பதினொரு வட்டத் தகர டப்பாக்கள் வரிசையாக இருந்தன. பன்னிரண்டு இருக்க வேண்டும். ஆறாவதற்கும் எட்டாவதற்கும் நடுவில், விழுந்த பல்லைப்போல ஓர் இடைவெளி.

"அதே இடந்தாண்ணே. நேத்துப் பகல் வரைக்கும் இருந்துச்சு" என்றாள் கொட்டகை முதலாளி கௌலத் பீவி. நாற்பது வயது. வெள்ளைத் துப்பட்டா. குரலில் அழுகை இல்லை; அழுவதற்கு நேரம் ஒதுக்கவில்லை போலிருந்தது. "சாயங்காலம் ஆறரைக்கு டிப்டி கலெக்டர் படம் பாக்க வர்றாரு. ஏழாம் ரீலைத்தான் பாக்கணும்னு வர்றாரு. அது இல்லேன்னா நாந்தான் ஒளிச்சு வெச்சேன்னு எழுதிட்டுப் போயிருவாரு. லைசன்ஸ் ரத்து."

"ரத்தானா?"

"கூடாரத் துணியைக் கிழிச்சு அரிசிச் சாக்கு தெக்க வேண்டியதுதான். எம் புருசன் மௌத்தானப்புறம் எனக்கும் என் மூணு பொம்பளைப் புள்ளைங்களுக்கும் இந்தத் துணிதாண்ணே ஊடு."

படத்தின் பெயர் 'ராவ்சாகிப் படாடோபம்'. கோயமுத்தூர்ப் பத்திரிகை ஒன்றில் ஞாயிறுதோறும் நாலு கட்டத்தில் வந்துகொண்டிருந்த சித்திரக் கதை அது. தொப்பை, தலைப்பாகை, தங்கச் சங்கிலிக் கடிகாரம். முதல் மூன்று கட்டத்தில் பெருமை பேசுவார், நாலாவது கட்டத்தில் சாணியில் வழுக்குவார். இதற்காகவே ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையைப் பின்பக்கத்திலிருந்து படித்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் அதை முப்பத்தொரு பாட்டுப் போட்டுப் பேசும்படமாக எடுத்துவிட்டார். பேச்சு நடுநடுவே வரும்.

அதற்குத்தான் கல்பாத்தி ராவ்சாகிப் பிச்சுமணி ஐயர் சர்க்காருக்கு ஏழு பக்கம் மனு எழுதிப் போட்டிருந்தார். படத்தில் வரும் கோமாளி சந்தேகத்துக்கிடமின்றித் தாமே என்றும், குறிப்பாக, பாட்டுப் புத்தகத்தின்படி ஏழாவது ரீலில் வரும் பாராட்டுவிழாப் பாட்டு தம்மையும் தமக்குப் பட்டமளித்த சக்கரவர்த்தியையும் சேர்த்து அவமதிக்கிறது என்றும் மனு சொன்னது. சர்க்காரிடம் சக்கரவர்த்தியைச் சேர்த்து எழுதினால் காரியம் சுருக்காக நடக்கும்.

அர்த்தநாரியின் உதவியாளர் புஷ்பமேரி அந்த இடைவெளியைக் குனிந்து பார்த்தாள். போடிமெட்டுக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்து, தோட்டத்து மாதாகோயிலில் ஆர்மோனியம் கற்று, பத்து வருஷம் நாடகக் கம்பெனிகளோடு ஊர் சுற்றியவள். கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்த பிறகு அர்த்தநாரியிடம் வந்து சேர்ந்தாள்.

"ஒரு ரீல் தொலைஞ்சா ஜனம் கும்பிடுற படமெல்லாம் உண்டு அண்ணாச்சி. இது அப்படியில்ல. நான் கோயமுத்தூர்ல ரெண்டு வாட்டி பாத்தேன்" என்றாள்.

"ரெண்டு வாட்டியா? எப்பொ?"

"நீங்கதான் துப்பறியிறவுக. இதைக்கூடக் கண்டுபிடிக்கலன்னா என்ன செய்ய?"

அர்த்தநாரி பேச்சை மாற்றினார். "ஏனுங்க அம்மிணி, நேத்து இந்த ரூமுக்குள்ள யார் யார் வந்தது?"

மீசைக்கார ஆபரேட்டர் இன்னாசிராஜ் முந்திக்கொண்டார். "வேற ஆளே வரலைங்க. அந்த ராவ்சாகிப்தான் ரெண்டு சில்பந்திகளோட வந்தாரு. தீப்புடிச்சா அணைக்க மணல் வாளி இருக்குதான்னு எண்ணிப் பாத்தாரு. அப்புறம் எளநி வேணும்னாரு. நான் வெட்டப் போனேன். வந்து பாத்தா ஆளக் காணோம்."

"இளநி?"

"நானே குடிச்சிட்டேனுங்க."

"அவரா எடுத்திருப்பாரு?" என்றாள் கௌலத். "பராதி எழுதினதே அவரு. ஏழாம் ரீலைப் பாருங்கன்னு ஆபீசரைக் கூட்டியாறதும் அவரு. அதை அவரே தூக்கிட்டுப் போவாராண்ணே?"

அர்த்தநாரிக்கும் அதுதான் தொண்டையில் மாட்டிய முள்ளாக இருந்தது. ஒருவன் தன் சாட்சியைத் தானே திருடுவானா?

"வந்தப்ப எப்படி இருந்தாரு? போறப்ப எப்படி இருந்தாரு?"

கௌலத் யோசித்தாள். "வந்தப்ப ஜரிகைப் பொன்னாடை ஒண்ணைக் கைல மடிச்சு வெச்சிருந்தாரு. போறப்ப மேல போத்திக்கிட்டுப் போனாரு."

"இந்த வெயில்லயா?"

"தனக்குத்தானே போத்திக்கிட்டாருன்னு நெனச்சேன். அவருக்கு வழக்கந்தானே?"

அர்த்தநாரி இளநீர் வெட்டிய அரிவாளைச் சிறிது நேரம் மரியாதையோடு பார்த்தார். பிறகு, "பஸ்ஸு எத்தனை மணிக்குங்க?" என்றார்.

புறப்படும்போது கொட்டகை வாசலில் அடுக்கியிருந்த பாட்டுப் புத்தகம் ஒன்றைப் புஷ்பமேரி எடுத்துக்கொண்டாள். மோட்டார் பஸ் குலுக்கிய குலுக்கலில் நடத்துனரே பிரார்த்தனை செய்துகொண்டிருந்தார். இவள் மட்டும் புத்தகத்தைப் பார்த்துத் தனியாகச் சிரித்தாள்.

"என்ன சிரிப்பு அம்மிணி?"

"அச்சாபீஸ்காரன் ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கான். கல்பாத்தில சொல்லுதேன்."

*

பிச்சுமணி ஐயரின் கூடத்தில் சாமி படங்கள் ஆறு, சக்கரவர்த்தி படம் ஒன்று, ராவ்சாகிப் படங்கள் பதினான்கு இருந்தன. அவர் சங்கீத சபையின் நிரந்தரத் தலைவர். நிரந்தரம் என்பது அவரே கொண்டுவந்த தீர்மானம். சிங்கமுகக் கைப்பிடி வைத்த நாற்காலியில், மெத்தை மேல் வீற்றிருந்தார். வந்தவர்களைக் கண்டு எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் வெள்ளிப் பொடிடப்பி.

"யாராக்கும்?"

"நமஸ்காரமுங்க. வாளையார் கொட்டகையிலிருந்து வர்றோம். பாட்டுல எந்த அடி உங்க மனசை நோகடிக்குதோ சொன்னீங்கன்னா அதை மட்டும் வெட்டிடலாம்னு அந்தம்மா கேக்குறாங்க" என்றார் அர்த்தநாரி, கையைக் கட்டிக்கொண்டு.

ராவ்சாகிப் மலர்ந்தார். அவருடைய அபிப்பிராயத்தை யாரும் கேட்டு வெகு நாளாகியிருந்தது. அவராகச் சொல்வதோடு சரி.

"எல்லா அடியும் வெட்டணும் ஓய். என்னைப் பத்தியாக்கும் அத்தனையும்."

"படம் பாத்தீங்களாங்க?"

"நானா? சினிமாக் கொட்டகைப் படிய நான் மிதிச்சதே இல்லை. நேத்திக்கு அங்க போனதும் மணல் பாக்க. பத்திரிகைப் படம் பாத்தேன், பாட்டுப் புஸ்தகம் வாசிச்சேன், மனு எழுதினேன். அதுக்குமேலே என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாங்க. இந்தம்மா ஒரு தடவை பாடிக் காட்டட்டும். நோகுற எடத்துல கையைத் தூக்குங்க."

மூலையில் சபையின் ஆர்மோனியம் இருந்தது. புஷ்பமேரி உட்கார்ந்து துருத்தியை இழுத்தாள். புத்தகத்தை மடியில் விரித்து, போட்டிருந்தபடியே காம்போதி ராகத்தை எடுத்தாள். நல்ல, சுத்தமான, பட்டுப்புடவை கட்டிய காம்போதி.

*மாலை வாங்கி வந்தேனே – என்*
*கழுத்துக்கு நானே தந்தேனே!*
*கூலிக்கு வந்த கூட்டத்தாரே,*
*கொஞ்சம் சத்தமாய்க் கும்பிடுவீரே!*

ராவ்சாகிப்பின் முகம் சுருங்கியது. விரல்கள் சிங்கத்தின் மூக்கைப் பிடித்துத் திருகின. புஷ்பமேரி இரண்டாம் முறை அதே அடிகளை இன்னும் விஸ்தாரமாக எடுத்தாள். அவர் காதைப் பொத்தினார். மூன்றாம் முறை தொடங்கியபோது வெடித்துவிட்டார்.

"நிறுத்தடீ! கர்ணகடூரம்! அந்தப் பாட்டு காம்போதியில்லை, செஞ்சுருட்டியாக்கும்! மூணாவது அடியிலே குதிச்சு இறங்கறதே, அதுதான் உயிரு. அதைப் போய்க் காம்போதியிலே..."

புஷ்பமேரி துருத்தியை மூடினாள்.

"அண்ணாச்சி, அச்சாபீஸ்காரன் கதைய இப்பம் சொல்லட்டா?" என்றாள் புஷ்பமேரி. "படத்துல பாட்டு செஞ்சுருட்டிதான். அதைக் கேட்டுட்டு அந்தக் கோமாளி, 'ஆகா, காம்போதின்னா இதல்லவா காம்போதி!'ன்னு தலையாட்டுவான். விசயமே தெரியாம ஆட்டுறான்ங்கிறதுதான் சிரிப்பு. அச்சாபீஸ்ல அதை நெசம்னு நம்பி ராகம் காம்போதின்னே போட்டுட்டாக. புஸ்தகம் மட்டும் வாசிச்சவுகளுக்கு இது காம்போதி. படம் பாத்தவுகளுக்குத்தான் செஞ்சுருட்டி."

"யாராவது பாடிக் கேட்டிருப்பேன்" என்றார் ராவ்சாகிப்.

"உங்க முன்னால இந்தப் பாட்டைப் பாட யாருக்குங்க தைரியம் வரும்?" என்றார் அர்த்தநாரி. "கிராமபோன் பிளேட்டும் இன்னும் வரலை. கோயமுத்தூர்லதான் பாத்திருக்கீங்க."

"பாத்தா என்ன? பாக்கிறது குத்தமோ? ரீலை நான் எடுத்தேன்னு யார் சொன்னா?"

"ரீலைப் பத்தி நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலீங்களே."

மூட்டை வாயைத் திறந்துவிட்டது. ஆனாலும் ராவ்சாகிப் அசையவில்லை. "வேணும்னா ஆத்திலே மூலைமுடுக்கெல்லாம் தேடிக்கோங்கோ" என்று மெத்தையில் அழுந்த உட்கார்ந்தார்.

அர்த்தநாரி தேடவில்லை. சுவரிலிருந்த பதினான்கு படங்களையும் நிதானமாகப் பார்த்தார். ஒன்பதாவதில் ராவ்சாகிப் இதே சிங்கமுக நாற்காலியில், இதே மெத்தையில் உட்கார்ந்திருந்தார். பாதங்கள் இரண்டும் தரையில் பதிந்திருந்தன. திரும்பி நிஜ ராவ்சாகிப்பைப் பார்த்தார். கட்டைவிரல் நுனி மட்டும் தரையைத் தேடிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

பட்டம் வந்த பிறகு மனிதர்கள் உயர்வது உண்டு. இரண்டு அங்குலம் உயர்வதில்லை.

"அம்மிணி, அந்தப் பெட்டியில சக்கரவர்த்தி வாழ்த்து வருமா?"

"தோட்டத்துல தொரை பொறந்தநாளுக்கு வருசா வருசம் வாசிச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே புஷ்பமேரி ஆரம்பித்துவிட்டாள்.

முதல் சுரம் விழுந்தது. ராவ்சாகிப் கைப்பிடியை இறுக்கினார். இரண்டாவது விழுந்தது. சுவரிலிருந்த சக்கரவர்த்தி அவரையே பார்த்தார். பட்டம் பெற்றவன் இந்தப் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தான் என்று வெளியே தெரிந்தால் என்னாகும் என்பது அவர் நெற்றியில் வியர்வையாக வந்தது. மூன்றாவது சுரத்தில் அவருடைய முழங்கால்கள், எஜமானைக் கேட்காமலே, தாமாக எழுந்தன. விறைப்பாக நின்றார்.

அர்த்தநாரி மெத்தையைத் தூக்கினார். பொன்னாடை சுற்றிய வட்டத் தகர டப்பா. மேலே வெள்ளைச் சாயத்தில் '7'.

"கடைசி வரைக்கும் வாசி அம்மிணி. பாதியில நிறுத்துனா ராஜதுரோகம்."

வாசித்து முடித்ததும் புஷ்பமேரி டப்பாவைத் தட்டிப் பார்த்தாள். "ஐயா பொடி போடுறவுகளா இருந்ததால தப்பிச்சீக. சுருட்டுப் பிடிச்சிருந்தா, இந்தப் பிலிம் பத்திக்கிடுற வேகத்துக்கு நேரா கைலாசந்தான்."

ராவ்சாகிப் எதிலிருந்து எழுந்தாரோ அதிலேயே விழுந்தார். இப்போது பாதங்கள் தரையைத் தொட்டன.

"மனு கொடுத்தப்புறம்தான் போய்ப் பாத்தேன்" என்றார். "தலையிலே துண்டு போட்டுண்டு, தரை டிக்கெட்டிலே. அந்தக் கடன்காரன் தன் பாராட்டுவிழாவுக்குத் தானே மாலை வாங்கறான். ஸ்டேஷன்லே வரவேற்கக் கூலிக்கு நாற்பது பேரை நிறுத்தறான். நானானா, 'அது நானேயாக்கும், சந்தேகமில்லை'ன்னு ஏழு பக்கம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன். டிப்டி கலெக்டர் பாத்துட்டு, 'நீர் நாற்பது பேரை நிறுத்தினீரோ'ன்னு கேட்டா?"

"இல்லைன்னு சொல்லலாமுங்களே."

"இல்லைதான். அறுபது."

ராவ்சாகிப் பொடிடப்பியைத் திறந்து, பொடி போடாமலே மூடினார்.

"மனுவைத் திருப்பி வாங்கினா, சர்க்கார்கிட்டே பொய் எழுதினேன்னு ஆகும். பட்டம் போயிடும். ரீல் இல்லாட்டா யாருக்கும் நஷ்டமில்லை."

"மூணு புள்ளைகளோட அந்தம்மா அரிசிச் சாக்கு தெப்பாங்க."

ராவ்சாகிப் பதினான்கு படங்களில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். அது அவருக்குப் புதிய காட்சியாக இருந்திருக்க வேண்டும்.

"அந்த அம்மாளை நான் நினைக்கலை" என்றார்.

"இப்பொ நெனைங்க. நீங்க எடுத்தது எங்க ரெண்டு பேரோடயும் அந்தம்மாவோடயும் நிக்கும். ஆறரைக்கு வாங்க. ஆபீசர் கேட்டா, பத்திரிகையைப் பாத்து அவசரப்பட்டு எழுதிட்டேன், இது நானில்லைன்னு சொல்லுங்க. அவ்வளவுதான். படம் முடியற வரைக்கும் வாயைத் திறக்காம உக்காந்திருக்கோணும்."

"அது கஷ்டமாச்சே" என்றார் ராவ்சாகிப், உண்மையாகவே.

"கோயமுத்தூர்ல உக்காந்தீங்களே?"

"அங்க தலையிலே துண்டு இருந்தது."

*

ஆறரை மணிக்குக் கூடாரம் நிரம்பி வழிந்தது. டிப்டி கலெக்டர் வருகிறார் என்பதால் வந்தவர்கள் பாதி, படத்தில் கல்பாத்திக்காரர் வருகிறார் என்பதால் வந்தவர்கள் மீதி. முன்வரிசையில் மூன்று நாற்காலிகள்: டிப்டி கலெக்டர், ராவ்சாகிப், அர்த்தநாரி; பின்னால் பெஞ்சில் புஷ்பமேரி. டிப்டி கலெக்டர் மடியில் ஏழு பக்க மனுவை வைத்துக்கொண்டு ஆறு ரீலையும் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் பார்த்தார். சிரித்தாரா என்று கண்டுபிடிக்கத் துப்பறியும் நிபுணராலேயே முடியவில்லை.

ஒரே மெஷின் ஆகையால் ஒவ்வொரு ரீலுக்கும் நடுவே விளக்குப் போட்டு ரீல் மாற்றுவார்கள். அந்த இடைவெளியில் முறுக்கு விற்கும். ஆறாவது முடிந்து விளக்கு வந்ததும் டிப்டி கலெக்டர் திரும்பினார்.

"மிஸ்டர் பிச்சுமணி ஐயர், இதுவரைக்கும் வந்த ஆசாமி நீங்களா?"

கௌலத் ஆபரேட்டர் அறை வாசலில் துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"இல்லை சார்" என்றார் ராவ்சாகிப். "பத்திரிகையைப் பாத்து அவசரப்பட்டுட்டேன். ஒரு சாயலும் இல்லை."

"இனிமேல்தானே ஏழாவது ரீல்? பார்த்துவிட்டு முடிவு செய்வோம்."

விளக்கு அணைந்தது. திரையில் படாடோபம் மாலை வாங்கினார். ரயிலிலிருந்து இறங்கினார். நாற்பது பேர் கும்பிட்டார்கள். ஜனங்கள் திரையை ஒரு கண்ணாலும் முன்வரிசையை ஒரு கண்ணாலும் பார்த்தார்கள். ராவ்சாகிப் கல்லாக இருந்தார். திரையில் பாட்டுக்காரி வந்தாள். செஞ்சுருட்டி துள்ளியது. ராவ்சாகிப்பின் வலதுகை தொடையில் தாளம் போட்டது. இடதுகை அதைப் பிடித்து நிறுத்தியது.

"தாங்க மாட்டாக அண்ணாச்சி" என்று புஷ்பமேரி கிசுகிசுத்தாள். "துண்டு இருந்தாக் குடுங்க, தலையில போட்டுருவோம்."

நேரமில்லை. திரையில் படாடோபம் கண்ணை மூடி, தலையை ஆட்டி, கூடாரமே அதிரச் சொன்னார்: "ஆகா! காம்போதின்னா இதல்லவா காம்போதி!"

"காம்போதியாடா?" ராவ்சாகிப் எழுந்து நின்றார். அவருடைய நிழல் திரையில் போய்ப் படாடோபத்தின் பக்கத்தில் நின்றது. "செஞ்சுருட்டிடா அது! ராகம் தெரியாத முட்டாள்! உனக்கெல்லாம் எவன்டா பட்டம் கொடுத்தான்!"

ஒரு விநாடி கூடாரத்தில் பாட்டு மட்டும் கேட்டது. பிறகு கிளம்பிய சிரிப்பில் முளைக்குச்சிகள் ஆடின. இன்னாசிராஜ் பயந்துபோய் மெஷினை நிறுத்தி விளக்கைப் போட்டார். கௌலத்தின் முகம் துப்பட்டாவைவிட வெளுத்திருந்தது.

டிப்டி கலெக்டர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். மனுவின் கடைசிப் பக்கத்தில் எழுதி, மை காய்வதற்காக உரக்கப் படித்தார்.

"படத்தில் வரும் ஆசாமியை மனுதாரரே என் முன்னிலையில், பொதுமக்கள் அறிய, முட்டாள் என்று திட்டினார். தன்னைத்தானே முட்டாள் என்று எந்த ராவ்சாகிப்பும் சொல்லமாட்டார். ஆகவே இருவரும் வெவ்வேறு நபர்கள் என்பது நிரூபணமாகிறது. மனு தள்ளுபடி. லைசன்ஸ் நீடிக்கும்." மூடியைத் திருகினார். "மீதியைப் போடச் சொல்லுங்கள். பாட்டுப் பாதியில் நிற்கிறது."

கௌலத் ஆபரேட்டர் அறைக்குள் போய், டப்பாவைச் சுற்றி வந்த ஜரிகைப் பொன்னாடையை எடுத்துவந்தாள். நின்றது நின்றபடி இருந்த ராவ்சாகிப்பின் தோளில், கை படாமல், அதைப் போட்டாள்.

"உங்களுதுதான். உட்டுட்டுப் போயிட்டீங்க" என்றாள்.

கூடாரம் முழுக்கக் கை தட்டியது. தரை டிக்கெட் விசிலடித்தது. முறுக்குக்காரன் தட்டை இறக்கி வைத்துவிட்டுத் தட்டினான்.

ராவ்சாகிப் மெல்ல உட்கார்ந்தார். பொன்னாடையைச் சரிசெய்தார். பின்னால் திரும்பிக் கூட்டத்தை ஒரு முறை அளந்தார். பிறகு அர்த்தநாரியின் காதருகே குனிந்தார்.

"இதுக்கு யார் ஏற்பாடு?"

"யாருமில்லீங்க."

ராவ்சாகிப் நம்பவில்லை.